ஜகார்த்தாவின் தங்கமும் நமது மைதானமும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துதவிய வணிகப் பெருமக்களே (ஒலிபெருக்கி கீச்சிட்டாலும் நன்றி நன்றிதான்), தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1962இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, ஆட்டமுறை, இரண்டு, பயிற்சியாளர் ரஹீம், மூன்று, மைதானம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

முதலில் ஜர்னைல் சிங். தடுப்பாட்டக்காரர், மலை போன்ற மனிதர். தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் அடிபட்டு ஆறு தையல். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்போம்! ரஹீம் என்ன செய்தார்? காயம்பட்ட அந்த மனிதரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். அந்தத் தலையோடு அவர் அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். 3-2 என்று வென்றோம். செப்டம்பர் 4, இறுதிப் போட்டி. எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று வீழ்த்திய அதே அணி. போட்டியை நடத்திய இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் ஒதுக்கியதை இந்தியர் ஒருவர் கண்டித்ததால் அரங்கமே நம் மீது கோபமாக இருந்தது. அந்த ஏச்சுக்கு நடுவே பி.கே. பானர்ஜி ஒரு கோல். சில நிமிடங்களில் ஜர்னைல் இன்னொன்று. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது, அவ்வளவுதான். 2-1!

ரஹீம் அப்போதே புற்றுநோயோடு இருந்தார். 1963 ஜூனில் மறைந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டமுறையை இன்னொரு நாள் பேசலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் இல்லை. காரணம் கேட்பவர்களை நான் நம் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன். பாதி இடத்தில் கட்டடக் கம்பி, மீதியில் வாகன நிறுத்தம். பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சுவரை இடித்துவிட்டுச் சித்திரம் எங்கே என்று கேட்கிறோம்!

மைதானத்தை மீட்கும் மனு மேடையின் இடப்பக்க மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட வேண்டுகிறேன். பேனா ஒன்றுதான், எழுதியவர்கள் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.