11 வாரமும் 15 மெகாபிட்டும்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை, வெளியில் நல்ல வெயில். இதை எல்லாம் விட்டுவிட்டு அரசாங்க விசாரணை அறிக்கைகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையை நம்பித்தான் ஆரம்பிக்கிறேன்.

என்பிஎன் என்று சொன்னாலே இங்கே பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள், மீதிப் பேர் "எங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லையே" என்பீர்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பு அப்படித்தான். உங்கள் வீட்டுக்கு ஃபைபர் வந்ததா, பழைய செப்புக் கம்பி வந்ததா என்பதைப் பொறுத்து உங்கள் அரசியலே மாறிவிடும்! ஆனால் நான் இன்று பேச வந்தது கம்பியைப் பற்றி இல்லை. அந்தக் கம்பியைத் தோண்டித் தோண்டிப் பார்த்த விசாரணைகளைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 2007 தேர்தலில் தொழிற்கட்சி ஒரு வாக்குறுதி கொடுத்தது. அரசு 470 கோடி டாலர் வரை போடும், தனியார் மீதியைப் போடுவார்கள், தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர் வரும் என்று. டெண்டர் விட்டார்கள். நாட்டின் செப்புக் கம்பியைக் கிட்டத்தட்ட முழுவதும் கையில் வைத்திருந்த தொலைபேசி நிறுவனமான டெல்ஸ்ட்ரா கொடுத்த மனு, விதிமுறைப்படி இல்லை என்று 2008 டிசம்பரில் தள்ளப்பட்டது. 2009 ஜனவரி 20 அன்று நிபுணர் குழு, வந்த மனுக்களில் எதுவும் தேறாது என்றது. ஏப்ரல் 7 அன்று பிரதமர் கெவின் ரட்டும் அமைச்சர் ஸ்டீஃபன் கான்ராயும் மேடையேறி, 4,300 கோடி டாலரில் நூற்றுக்கு 90 கட்டடங்களுக்கு நேரடி ஃபைபர் என்று அறிவித்தார்கள். இரண்டு தேதிக்கும் நடுவே 11 வாரம். நம் ஊர்க் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கவே அதைவிட நாளாகும்.

2013இல் ஆட்சி மாறியது, லிபரல்-நேஷனல் கூட்டணி வந்தது. புதிய அமைச்சர் மால்கம் டர்ன்புல், அந்த 11 வாரம் உள்பட, திட்டம் உருவான விதத்தைத் தணிக்கை செய்ய பில் ஸ்கேல்ஸ் என்பவரை நியமித்தார். 2014 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அவசரக் கோலம், குழப்பம், செலவு என்ன, பலன் என்ன என்று கணக்கே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, இனிமேல் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட எந்தக் கட்டுமானத்துக்கும் முதலில் செலவு-பலன் கணக்குப் போட்டு அதை வெளியிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நானும் ஃபைபர் ஆதரவாளன்தான். ஆனால் ஸ்கேல்ஸ் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

சரி, அப்படியானால் புதிய அரசு என்ன செய்தது? இங்கேதான் தேதிகளைக் கவனிக்க வேண்டும். நேரடி ஃபைபரைக் குறைத்து, செப்புக் கம்பியையும் பழைய கேபிள் டிவி வடத்தையும் கலந்து போடுங்கள் என்று, வலையமைப்பைக் கட்டும் அரசுக் கம்பெனியான என்பிஎன் கோவுக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு போனது 2014 ஏப்ரலில். மைக்கேல் வெர்டிகன் தலைமையிலான குழுவின் செலவு-பலன் கணக்கு வந்தது ஆகஸ்டில். ஸ்கேல்ஸ் அறிக்கை வந்த அதே மாதம்! தாலியைக் கட்டிவிட்டு ஜாதகம் பார்த்த கதை. முந்தைய அரசு ஜாதகமே பார்க்கவில்லை, இவர்கள் பின்னால் பார்த்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் கணக்கின் முடிவு என்ன? கலப்பு முறையில் நிகர பலன் 1,790 கோடி டாலர், முழு ஃபைபரில் 180 கோடி மட்டும். கணக்கில் கூட்டல் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடியில் ஓர் அனுமானம் உட்கார்ந்திருந்தது. 2023ஆம் ஆண்டில் வேகத் தேவையில் நடுவில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்பதுதான் அது. வேண்டிய வேகத்தைக் குறைத்து வைத்தால் வேகமான கம்பியின் மதிப்பும் தானாகக் குறையும். 2023இல் உங்கள் வீட்டில் எத்தனை திரை இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை படம் பார்க்க, இன்னொன்று விளையாட, நீங்கள் அலுவலக மீட்டிங்கில் இருக்க, ஊரிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்ட நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சி மட்டும் சும்மா இருந்ததா? நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ஆகவே அவர்கள் ஒரு செனட் விசாரணைக் குழு அமைத்தார்கள், தொழிற்கட்சியின் கேட் லண்டி தலைமையில். 2014 மார்ச்சில் அதன் இடைக்கால அறிக்கை, திட்டத்தைப் பற்றி அரசு செய்வித்த மறுஆய்வை நம்ப முடியாது என்றது. குழுவிலிருந்த அரசுத் தரப்பினர் அந்த அறிக்கைக்கே மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். விசாரணை வரம்பை யார் எழுதுகிறார்களோ, பதிலிலும் பாதியை அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் போலீஸ் வந்த கதை. கம்பெனியின் உள் ஆவணங்கள் கசிந்தன. கம்பெனி புகார் கொடுத்தது. 2016 மே 19, தேர்தல் பிரசாரத்தின் நடுவே, மெல்பர்னில், அப்போது எதிர்க்கட்சி செனட்டராக இருந்த கான்ராயின் அலுவலகத்தில் கூட்டாட்சிப் போலீஸ் இரவில் சோதனை போட்டது. கூடவே போன கம்பெனி ஊழியர் ஒருவர் ஆவணங்களைப் படம் பிடித்து வெளியே அனுப்பியும் விட்டார். கான்ராய் நாடாளுமன்றச் சிறப்புரிமை கோரினார். ஆவணங்கள் உறையிலிட்டு செனட்டின் செயலரிடம் போயின. 2017 மார்ச்சில் செனட் அவர் கோரிக்கையை ஏற்றது. அதற்குள் அவர் பதவியை விட்டே போய்விட்டார். என்பிஎன் பற்றிய விசாரணை என்று ஆரம்பித்தது, கசிவு பற்றிய விசாரணையாகி, கடைசியில் சோதனை பற்றிய விசாரணையில் வந்து நின்றது. இதில் எங்கேயாவது ஒரு வீட்டுக்கு ஒரு மெகாபிட் கூடியதா?

மக்கள் பேச்சைக் கேட்ட இடம் ஒன்று உண்டு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த கூட்டு நிலைக்குழு என்று ஒன்று பல ஊர்களுக்குப் போய் மக்களை உட்காரவைத்துக் கேட்டது. திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: இணைய இணைப்பை விற்றவரைக் கேட்டால் வலையமைப்பைக் கேள் என்கிறார், வலையமைப்பைக் கேட்டால் விற்றவரிடம் போ என்கிறது. 2017 செப்டம்பரில் அந்தக் குழு, இனிமேல் இணைக்கும் இடங்களில் குறைந்தது வாசல் வரையாவது ஃபைபர் போட வழி பாருங்கள் என்றது.

ஆனால் என் கணக்கில் எல்லாவற்றையும்விட உருப்படியானது, விசாரணை என்ற பெயரே இல்லாத ஒரு வேலை. நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி, 2017இல், அரசு நான்கு ஆண்டுக்கு ஒதுக்கிய 70 லட்சம் டாலரில், 4,000 தன்னார்வலர் வீடுகளில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி வேகத்தை அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எந்தக் கட்சி சரி என்று அந்தப் பெட்டி கேட்கவில்லை. மாலை ஏழு மணிக்கு உன் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று மட்டும் கேட்டது. அதே ஆண்டு, வாங்கிய வேகம் செப்புக் கம்பியில் வரவே வராது என்ற நிலையிலிருந்த சுமார் 42,000 வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தருவது உள்ளிட்ட பரிகாரங்களுக்கு டெல்ஸ்ட்ராவை அந்த ஆணையம் ஒப்புக்கொள்ள வைத்தது. செலவு எத்தனை ஆயிரம் கோடி என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள், இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

முடிவுக்கு வருகிறேன், அங்கே தேநீர் ஆறுகிறது. செப்புக் கம்பியே போதும் என்ற அதே கூட்டணி அரசு, 2020 செப்டம்பரில், 450 கோடி டாலர் மேம்பாட்டுத் திட்டத்தில், கேட்கும் வீடுகளுக்கு ஃபைபர் தருகிறேன் என்று திரும்பி வந்தது. 2022க்குப் பிறகு தொழிற்கட்சி அரசு அதை இன்னும் விரித்தது. 2025 ஜனவரியில், தெருமுனைப் பெட்டியோடு நின்றுபோன கடைசி 6,22,000 கட்டடங்களையும் 2030க்குள் மேம்படுத்த 300 கோடி டாலர் அறிவித்தார்கள். மீதி 80 கோடிக்கு மேல் கம்பெனி போடுகிறதாம்.

அந்த 6,22,000 வீடுகளில் ஒன்று இந்த அரங்கில் யாருக்காவது இருக்கிறதா? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.