சமய வகுப்பை எந்த மணியில் வைப்பது?

(பள்ளி நிர்வாகிகள், ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோர்க்கு வணக்கமுங்க.

கணக்கும் அறிவியலும் நடக்கிற பள்ளியில் சமய வகுப்பும் வைக்கலாமா என்றால், பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் நடத்தலாம். ஆனால் பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்க முடியாது. சம்மதத்தைத் தனித்தாளில் எழுதி வாங்குங்கள். சம்மதம் தராத வீட்டுப் பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்துவது அநியாயம். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே மணியில் அவர்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி பாடம். புத்தகத்தைக் கையில் கொடுத்து, "மனப்பாடம் பண்ணிட்டு வா" என்கிற இடத்திலேயே தேவார வகுப்பு கெட்டுவிடுகிறது. சுந்தரரின் அவிநாசிப் பதிகத்துக்குப் பண், அதாவது பழந்தமிழ் ராகம், குறிஞ்சி; இன்றைய அரிகாம்போதி ராகம். பக்கத்திலேயே இருக்கும் திருமுருகன்பூண்டிக்கு அவர் பாடியது பழம்பஞ்சுரம், அதாவது சங்கராபரணம். இரண்டையும் ஒரே மெட்டில் இழுத்தால் பிள்ளை கற்றது எழுத்தை மட்டும்தான். வாரம் ஒரு பாட்டு போதும். முதலில் பதம் பிரித்து வாசிக்க வேண்டும். அடுத்து, ஆசிரியர் ஓரடி சொல்லப் பிள்ளைகள் மும்முறை திருப்பிச் சொல்ல வேண்டும். பண் அதற்கப்புறம்தான். அவிநாசிப் பதிகத்தில், முதலை உண்ட பிள்ளையைத் திருப்பிக் கேட்கும் நாலாம் பாட்டிலிருந்தே தொடங்கலாம். கதை தெரிந்த பாட்டு சீக்கிரம் படியும்.

சுருதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஓதுவார் ஒன்றரைக் கட்டை என்கிற தாழ்ந்த சுருதியில் பாடுவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாத அடித்தொண்டை. சுருதியை ஏற்றி ஐந்து கட்டை வையுங்கள். ஓதுவாருக்கு அது ஒத்துவராவிட்டால், நன்றாகப் பாடும் பெண்பிள்ளை ஒருத்தியை முன்னே பாடவிடுங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைகிற பையன்களைக் கத்த வைக்காதீர்கள், தாளத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.

கோவை உக்கடம், கரும்புக்கடைப் பக்கத்து மக்தபுகளில், அதாவது முஸ்லிம் பிள்ளைகளின் ஓதும் பள்ளிகளில், குர்ஆன் ஓதப் பழக்கும் முறையையும் கவனியுங்கள். அரபு எழுத்துகளுக்குக் காயிதா என்கிற அரிச்சுவடி, அதன்பின் குர்ஆனின் சிறு சூராக்கள், அதாவது அத்தியாயங்கள். ஸீன், ஸாத் என்கிற இரண்டு அரபு எழுத்தும் நம் பிள்ளைகள் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாத் (ஆசிரியர்) எதிரே உட்கார்ந்து தனியாக ஓதிக் காட்ட வேண்டும், தப்பினால் அங்கேயே திருத்தம். நாற்பது பேர் சேர்ந்து பாடும் தேவார வகுப்பில் தப்பு காதிலேயே விழாது. ஐந்தைந்து பேராகப் பாடச் சொல்லுங்கள்.

மதிப்பெண் வேண்டாமுங்க. ரேங்க் கார்டில் ஏறிவிட்டால் பாட்டு போய், கோடிட்ட இடம் நிரப்புவது வந்துவிடும். கடைசி மணியிலும் வைக்காதீர்கள். பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு மனசு வாசலில்தான் இருக்கும். முதல் மணிக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், வாரம் இரண்டு நாள்.