ஏன் சேர்கிறார்கள், எப்படி வெளியேறுகிறார்கள்

வணக்கம் நேயர்களே. தெருக் கும்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "வளர்ப்பு சரியில்லை", "பணத்தாசை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நூறு வருஷமாக இதை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1927-இல் ஃபிரெடரிக் த்ராஷர் என்ற சமூகவியலாளர் சிகாகோவில் 1,313 கும்பல்களைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். தொழிற்சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் நடுவே, யாருமே கவனிக்காத பகுதிகளில், முதலில் அவை வெறும் விளையாட்டுக் கூட்டங்களாகத்தான் இருந்தன. பக்கத்துத் தெருப் பையன்களோடு சண்டை, போலீஸின் விரட்டல், பெரியவர்களின் ஏச்சு, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கூட்டத்தைக் கும்பலாக இறுக்கியது. ஆக, கும்பலை உள்ளே இருப்பவர்கள் மட்டும் உருவாக்குவதில்லை, வெளியே இருந்து வரும் எதிர்ப்புக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, பணத்துக்காகத்தானே போகிறார்கள் என்று கேட்கலாம். சிகாகோவில் போதைப்பொருள் விற்ற ஒரு கும்பலின் கணக்கு வழக்கே சுதிர் வெங்கடேஷ் என்ற சமூகவியலாளர் கையில் கிடைத்தது. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டும் அவரும் அதை அலசிப் பார்த்து 2000-இல் வெளியிட்டார்கள். தலைவனுக்கு நல்ல வருமானம். தெருமுனையில் உயிரைப் பணயம் வைத்து நின்ற பையனுக்கோ சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடத் தேறவில்லை. என்றாவது நாமும் மேலே போவோம் என்ற நம்பிக்கையில் நிற்கிறார்கள். பள்ளிக்கூடமும் வேலையும் அந்த நம்பிக்கையைத் தராத இடத்தில் இவர்கள் வேறு எங்கே போவார்கள்?

அப்புறம், பாதுகாப்பு. ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பதில் இதுதான். தனியாகப் போனால் அடிப்பார்கள், கூட நாலு பேர் இருந்தால் தொடமாட்டார்கள். எனக்கு மிகவும் வேதனையாக இருப்பதும் இதுதான், ஏனென்றால் சேர்ந்த பிறகு அந்தப் பையன் அடிபடுவதற்கும் சுடப்படுவதற்குமான ஆபத்து கூடுகிறது, குறைவதில்லை. ஆனாலும் அவன் மனதில் பயம் குறைந்துவிடுகிறது. பயந்துபோன ஒரு பிள்ளைக்கு அந்த நிம்மதி எவ்வளவு பெரிதாகத் தெரியும்!

இன்னொரு முக்கியமான விஷயம். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் டெரன்ஸ் தார்ன்பெரி குழுவினர் 1988-இலிருந்து பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து சந்தித்து வந்தார்கள். பையன் கும்பலில் இருக்கும் காலத்தில் குற்றங்கள் ஏறுகின்றன, விலகியதும் இறங்குகின்றன. பிறவியிலேயே கெட்டவன் என்றால் விலகிய பிறகும் அப்படியேதானே இருந்திருக்க வேண்டும்? அதோடு, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் அதிலேயே இருப்பதும் இல்லை. ஓரிரு வருஷத்தில் தானாகவே ஒதுங்கிவிடுகிறார்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு சமூகப் பணியாளரை அனுப்பி, கூட்டம், விளையாட்டு, சுற்றுலா என்று ஏற்பாடு செய்தார்கள். மால்கம் கிளைன் அதை ஆராய்ந்தபோது குற்றம் குறையவில்லை, கூடியிருந்தது. கும்பலாகவே நடத்தியதால் கும்பல் இன்னும் நெருக்கமாகிவிட்டது. அடுத்த முயற்சியில் கூட்டு நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாக வேலை, படிப்பு என்று வழி தேடிக் கொடுத்தார்கள். கைதுகள் குறைந்தன.

கும்பலை விட்டு வருகிறவனுக்கு வழி கொடுப்பதில்தான் நாம் தவறுகிறோம் என்று நினைக்கிறேன். அவனே விலகிவிட்டாலும் போலீஸ் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, எதிர்க்கும்பல் மறக்கவில்லை, கழுத்தில் பச்சை குத்திய அடையாளம் அப்படியே இருக்கிறது, வேலை கேட்டுப் போனால் முதலில் கண்ணில் படுவது அதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் கிரெக் பாயில் என்ற பாதிரியார் 1988-இல் தொடங்கிய பணி ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. அங்கே பேக்கரி வேலை உண்டு, மனநல ஆலோசனை உண்டு, அந்தப் பச்சையையும் லேசர் வைத்து இலவசமாக அழித்துவிடுகிறார்கள்.