எதிர் நிறங்களைக் காக்கும் கோடு

அனைவருக்கும் வணக்கம். கேமராவை அசைத்து எடுக்கும் படங்களில், சிவப்பு–பச்சை, ஆரஞ்சு–நீலம் போன்ற எதிர் நிறங்கள் கலந்து மங்காமல் காப்பது பற்றி இன்று பேசுகிறேன்.

நம் சிங்கப்பூரின் தேக்காவில் ஏதாவது ஒரு பட்டுக் கடையில், உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைத்த காஞ்சிபுரம் கோர்வைப் புடவையை விரித்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை. இரண்டும் சந்திக்கும் இடம் கத்தியால் வகுந்தது போல் இருக்கும். அந்த எல்லை இருப்பதால்தான் சிவப்பு அவ்வளவு சிவப்பாகவும் பச்சை அவ்வளவு பச்சையாகவும் தெரிகின்றன. அதே சிவப்பைப் பாவிலும் பச்சையை ஊடையிலும் ஓட்டி நெய்தால், எட்ட நின்று பார்க்கும்போது ஒன்றையொன்று தின்று மங்கிய பழுப்பாகிவிடும்.

பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல் 1839இல் விளக்கியது இதைத்தான். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. குறை சாயத்தில் இல்லை; பக்கத்தில் ஓடிய நிறத்தில் இருந்தது.

கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் அருவ நிலக்காட்சியில் இது அப்படியே செல்லும். ஷட்டர் திறந்திருக்கும்போது கோட்டின் வழியே கேமராவை நகர்த்தினால் கோடு நிற்கும், இருபக்க நிறமும் பிழைக்கும். குறுக்கே நகர்த்தினால் நிறங்கள் கலந்துவிடும்: ஆரஞ்சும் நீலமும் சாம்பலாகும், சிவப்பும் பச்சையும் சேறாகும். பலர் இதைக் கவனிக்காமல் கணினியில் நிறச்செறிவைக் கூட்டிப் பார்க்கிறார்கள். கலந்த நிறத்தை எந்தப் பொத்தானும் பிரித்துத் தராது.

பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். அங்குள்ள லிப்ஸ்டிக் பனையைவிட நல்ல பாடம் இந்த ஊரில் இல்லை என்பேன். நெட்டுக்குத்தாய்ச் சிவந்த தண்டுகள், மேலே பச்சை ஓலை. மழை விட்ட பிறகு, மேகமூட்டத்தில் எடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை) 11, ஷட்டர் அரை வினாடி. நிழலிலும் இதற்கு வெளிச்சம் அதிகமாக இருக்கும்; வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற கருங்கண்ணாடி வேண்டும். பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டரும் போடுங்கள். ஈர ஓலையில் வானம் வெள்ளையாய்ப் பளபளப்பதுதான் பச்சையைக் கெடுக்கிறது. 70 முதல் 100 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். அகல லென்ஸில் நடைபாதையும் குப்பைத்தொட்டியும் உள்ளே வந்துவிடும்.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், உங்கள் அசைவை எதிர்த்து அது வேலை செய்யும். கால்களை அகட்டி நின்று, மேலிருந்து கீழாக ஒரே வேகத்தில் இறக்குங்கள். இறக்கத் தொடங்கிய பிறகு ஷட்டரை அழுத்துங்கள், ஷட்டர் மூடிய பிறகும் கை ஓடட்டும். இல்லாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா ஒரு கணம் நின்று, கோட்டின் நுனியில் புள்ளி விழும். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். சட்டம் முழுக்கப் பச்சை என்றால் அது பச்சைக்கு எதிரான மெஜந்தாவைச் சேர்த்துப் பச்சையைக் கொன்றுவிடும். 5200 கெல்வினில் நிறுத்தி, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள்.

கடல் வேண்டுமென்றால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. நங்கூரமிட்ட கப்பல்களின் ஆரஞ்சு விளக்கு வரிசை தொடுவானத்தோடு ஓடும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி நீளாது. சூரியன் மறைந்து 10ஆம் நிமிடத்திலிருந்து 25ஆம் நிமிடம் வரைதான் நீலம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1 வினாடி, 4000 கெல்வின். முக்காலியின் கிடைத் திருப்பியை மட்டும் தளர்த்தி, மட்டம் பார்த்துத் திருப்புங்கள். சற்றே சாய்ந்தாலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு பட்டையாகி வெளிறும். வெள்ளை விளக்குக் கப்பல் இதற்கு உதவாது. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். அது வலது சுவரில் முட்டினால் ஆரஞ்சு மஞ்சளாகிப் பிறகு வெள்ளையாகிவிடும்.

எவ்வளவு ஆரஞ்சு, எவ்வளவு நீலம்? ஓவியர்களின் பழைய கணக்கு ஒன்றுக்கு இரண்டு. மஞ்சளுக்கு ஊதா மூன்று மடங்கு. சிவப்பும் பச்சையும் சமம். ஆனால் கரை குறுகியிருக்கும் புடவைதான் கண்ணைப் பிடிக்கிறது என்பதால், நான் ஆரஞ்சை இன்னும் குறைக்கவே சொல்வேன்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். வெளியே வந்ததும் கேமராவை மூடிய பையிலேயே அரைமணி நேரம் வையுங்கள். அந்த அரைமணியில் எதிரே உள்ள கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெறுங்கையை அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.