நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்கு மருந்து?

அனைவருக்கும் வணக்கம்.

கிளாக்கோமா, அதாவது கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற பார்வை நரம்பு பழுதாகிற நோய், என்று சொல்லிச் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்ததும் எதிரே இருப்பவர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது டாக்டர், எதற்கு மருந்து?" நியாயமான கேள்வி. எழுத்து அட்டையில் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இரண்டு கைகளையும் நேரே நீட்டி, கட்டைவிரல்களைக் கண் மட்டத்தில் ஒட்டினாற்போல் நிமிர்த்திப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண் இடது கட்டைவிரலையே பார்க்கட்டும். இப்போது வலது கையை மட்டும் மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் போனதும் அந்த விரலின் நுனி காணாமல் போகும். பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது, அங்கே யாருக்கோ மறைந்துவிட்டது போலிருக்கிறது! மறையாதவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். பார்வை மட்டும் இடது விரலை விட்டு ஓடக் கூடாது.

விரல் மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது? கறுப்பாக ஓட்டையா தெரிந்தது? இல்லை, பின்னால் இருக்கிற சுவர்தான் தெரிந்தது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அது எல்லாருக்கும் பிறவியிலேயே இருக்கிற குருட்டுப் புள்ளி. அங்கே இருப்பது மூளைக்குத் தெரியாது. அக்கம்பக்கம் தெரிவதை வைத்து இட்டு நிரப்பிவிடும். கிளாக்கோமாவிலும் இதே கதைதான். பார்வையின் சுற்றுப்புறத்தில் புதுப்புது குருட்டு இடங்கள் உண்டாகி, மெல்ல மெல்லப் பெரிதாகின்றன. மூளை நிரப்பிக்கொண்டே போகிறது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்கிறது. நேர்ப்பார்வை பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் எழுத்து அட்டையிடம் இந்த நோய் மாட்டுவதே இல்லை.

சரி, நரம்பு ஏன் பழுதாகிறது? கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். சுரந்தது விழியோரத்தில் சல்லடை மாதிரி இருக்கிற திசுவின் வழியே வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. வடிவது குறைந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைப் பழுதாக்கும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும். "எனக்கு பிரஷர் நார்மல்" என்பார்கள் சிலர். அது கையில் பட்டை கட்டிப் பார்க்கிற ரத்த அழுத்தம், அதை வைத்துக் கண் அழுத்தத்தைச் சொல்ல முடியாது. பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. மடிந்த இழையை மீட்க இன்றுவரை மருத்துவத்தில் வழியில்லை. 21க்குள் இருந்தும் நரம்பு பழுதாகிறவர்களும் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டுச் சரி என்று எழுந்து போகாதீர்கள். நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வலியோடு வருகிற வகையும் ஒன்று உண்டு. திடீரென்று கண் சிவந்து, தலை பிளக்கிற வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தி. வாந்தி வருவதால் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை மூன்றும் செய்வது ஒரே வேலை, அழுத்தத்தைக் குறைப்பது. போன பார்வை திரும்பாது. மருந்து போட்டால் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்த்தவர் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறார். பலனைக் கண்ணால் பார்க்க முடியாது, கணக்கில்தான் பார்க்கலாம். கண் அழுத்தம் மட்டும் கூடி, நரம்பு இன்னும் கெடாத 1,600க்கும் அதிகமானவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டில், மருந்து போடாதவர்களில் 100க்கு 9.5 பேருக்குக் கிளாக்கோமா வந்தது, போட்டவர்களில் 4.4 பேருக்கு. பாதிக்கும் கீழே!

மருந்து போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல், ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். உடனே படபடவென்று இமைக்காமல் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்குவழி இறங்கி உடம்பில் சேர்வது குறையும். டிமோலால் மாதிரி மருந்து ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். இழுப்பு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு மருந்தும் உண்டென்றால் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள்.

பார்வைப் பரப்புச் சோதனைக்குப் போய் வந்தவர்கள் முகம் வாடித்தான் வருவார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, மினுக்கென்று வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். "பாதி தெரியவே இல்லை டாக்டர்" என்பார்கள். தெரியாதுதான். உங்கள் கண்ணால் எவ்வளவு மங்கலான ஒளியைப் பிடிக்க முடியும் என்று தேடுகிற கருவி அது. நல்ல கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி தெரியாமல்தான் போகும். தெரியாததற்கு அழுத்தி எங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். கண் அரிப்புக்கு என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாங்களே வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. அது அழுத்தத்தை ஏற்றி, சத்தமில்லாமல் நரம்பைத் தின்றுவிடும். உங்களுக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தால் முதலில் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அடுத்த முறை வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் அவர்களையும் கூடவே அழைத்து வாருங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள், சொல்கிறேன்.