பாலமீன்மடுவில லைட்ட நூத்துப்போட்டு ஒரு அரை மணித்தியாலம்

வணக்கம் எல்லாருக்கும். படம் ஒண்டும் தெரியல்லையா? உங்கட போன் பழுதில்ல, டேட்டாவும் முடியல்ல. நான்தான் இருட்டுக்குள்ள இரிக்கன். மட்டக்களப்பு, பாலமீன்மடு, வாவிக்கரை. இண்டைக்கு அமாவாசை. பின்னால 1913ல கட்டின வெளிச்சவீடு நிக்குது, நம்பிக்கொள்ளுங்க. மீன் பாடுறதக் கேக்கவா வந்த எண்டு கொமெண்ட்ல கேக்காதீங்க. அதுக்குப் பறுவம், முழுநிலா நாள், வரோணும், கல்லடிப் பாலத்துக்குப் போகோணும். நான் இருட்டப் பாக்க வந்திரிக்கன்.

சிரிக்காதீங்க. இருட்டப் பாக்கலாமா எண்டது பழைய சண்டை. அந்தக் காலத்துத் தத்துவக்காரர் கட்சி கட்டி வாதாடியிரிக்காங்க. இருட்டெண்டு தனியா ஒரு பொருள் இல்ல, வெளிச்சம் இல்லாததுக்குத்தான் அந்தப் பேர் எண்டு வைசேடிகம் எண்ட தத்துவக் கட்சிக்காரர் சொன்னாங்க. மீமாம்சை எண்ட இன்னொரு தத்துவத்தில, குமாரில பட்டர்ட வழி வந்த பாட்டர் கட்சி விடல்ல. கறுப்பெண்டு நிறம் இரிக்கு, விளக்கத் தூக்கிக்கொண்டு நடந்தா அதுவும் நகருது, பிறகெப்படிப் பொருள் இல்ல எண்டு சொல்லுவீங்க எண்டு கேட்டாங்க. பௌதிகம் படிச்ச நான் முதலாம் கட்சிதான். ஆனா கேள்வி நல்ல கேள்வி. நம்மட சைவ சித்தாந்தத்தில இன்னும் வடிவான ஒண்டு இரிக்கு: இருட்டு மத்தப் பொருளையெல்லாம் மறைக்கும், ஆனா தன்னக் காட்டும். உயிர மூடியிரிக்கிற ஆணவம் எண்ட அழுக்கு தன்னையும் காட்டாதாம்.

சரி, டோர்ச்ச நூத்துப் பத்து நிமிசம் ஆச்சு. விழித்திரையில ரெண்டு வகைக் கலம். கூம்புகள் பகல் வேலைக்காரர், நிறம் பாக்கிறதும் அவங்கதான். கோல்கள் இரவுக்கு, ஒரு கண்ணுக்கு 120 மில்லியன் அளவில இரிக்கு. வெளிச்சத்தில அதுகள்ற நிறப்பொருள் வெளிறிப்போகும், திரும்ப ஊற அரை மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும். அதுக்கு விற்றமின் ஏ வேணும். மாலைக்கண் வந்திரும் மகன், முருங்கையிலை தின்னு எண்டு எங்கட பெத்தா, அம்மம்மாதான், உயிர எடுக்கிறது சும்மா இல்ல.

இப்ப கொஞ்சம் கொஞ்சமாத் தெரியுது. கரையில நிக்கிற கண்ணாப் பத்தை. வரம்பு மாதிரி ஒரு... ஐயோ! ஐயோ அண்ணே, லைட்ட டிம் பண்ணுங்க!

போச்சு. மோட்டசைக்கிள். அந்தாளும் பாவம், இந்த இருட்டுக்க ஒருத்தன் தனியக் கதைச்சுக்கொண்டிருந்தா ஆரும் லைட் அடிச்சுத்தான் பாப்பாங்க. ஊறினதெல்லாம் ஒரு செக்கன்ல வெளிறிப்போச்சு. திரும்ப முதல்ல இருந்து.

ஆனா ஒண்டு கவனிச்சீங்களா? ஹெட்லைட் வந்த பாதை வெள்ளைக் கோடு மாதிரித் தெரிஞ்சிச்சு. அது வெளிச்சம் இல்ல. அதில பறந்த தூசியும் நுளம்பும். இடையில பட ஒண்டும் இல்லாட்டி, பக்கத்தால போற வெளிச்சம் நம்மட கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பூமிக்கு மேல வெளியில போய் நிண்டா சூரிய வெளிச்சம் நிறைஞ்சிரிக்கும், வானம் கறுப்பாத்தான் இரிக்கும். அப்ப பாருங்க, இருட்டு தன்னக் காட்டுது, வெளிச்சம் தன்னக் காட்டாது. எனக்கு இதுதான் பெரிய வேடிக்கை.

மேல பாருங்க. அதான், நான் பாக்கன். வானம் முழுக்க வெள்ளி, நட்சத்திரத்தச் சொல்லுறன், ஆனா இடையில கறுப்பு. ஏன் கறுப்பு? 1823ல ஓல்பேர்ஸ் எண்ட ஜேர்மன் வானியலாளர் இதப்பற்றி எழுதினார். அண்டம் முடிவில்லாம, எண்டைக்கும் இருந்து வாறதெண்டா, எந்தப் பக்கம் பாத்தாலும் கடைசியில ஒரு வெள்ளி நிக்கோணும், ராத்திரியே இரிக்கக்கூடாது. ராத்திரி இரிக்குது. ஏனெண்டா அண்டத்துக்கு வயசு இரிக்கு, 13.8 பில்லியன் வருசம். தூரத்து வெளிச்சத்துக்கு நம்மளிட்ட வந்து சேர நேரம் காணல்ல. அது விரியிறதால வாற வெளிச்சமும் மங்குது. அந்தக் கறுப்பு, வெளிச்சம் இன்னும் வந்து சேராத இடம்.

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, எல்லாரும் ஏசிக்கொண்டிருந்தம். நானும்தான், சார்ஜ் இல்லாம எடிட்டிங் நிண்டுபோன கோவம். பெத்தா மட்டும் குப்பி விளக்கக் கொளுத்தி வாசல்ல வைச்சிட்டு, தான் விளக்குக்கு முதுகக் காட்டிக்கொண்டிருந்தா. ஏன் பெத்தா எண்டு கேட்டன். "விளக்கப் பாத்தா முற்றம் தெரியாது மகன்" எண்டா. நான் மேல இவ்வளவு நேரம் அலட்டினத அவ ஒரு வசனத்தில முடிச்சிட்டா.

இப்ப இருவத்தஞ்சு நிமிசம். நான் போட்டிரிக்கிறது சிவப்பு சேட், கறுப்பாத் தெரியுது. கோல்களுக்கு நிறமும் பிடிபடாது, சிவப்பு வெளிச்சம் உறைக்கவும் மாட்டாது. டோர்ச்சில சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் சுத்தினா இருட்டுக்குப் பழகின கண் கெடாது எண்டது அதாலதான். அடுத்த முறை கொண்டுவரோணும், அந்த அண்ணனுக்கும் ஒரு துண்டு.

இன்னொண்டு. விழித்திரைக்கு நட்டநடுவில கோல்களே இல்ல, கூம்புகள் மட்டும்தான். அதால மங்கலான சாமான நேராப் பாத்தாக் காணாமப் போயிரும், கொஞ்சம் பக்கத்தால பாக்கோணும். தண்ணியில என்னமோ கறுப்பா நிக்குது. நேராப் பாக்கன்... இல்ல. கொஞ்சம் இடப்பக்கம்... ஓம், இரிக்கு. தோணி. பொறுங்க, அதில ஒராள் குனிஞ்சு வலை இழுக்கார். லைட்டே இல்லாம. இவ்வளவு நேரமும் அவர் அங்கதான் நிண்டிரிக்கார்போல.