பின்னால் இருப்பவரின் தலை

நேயர்களுக்கு வணக்கம்.

தலைக்கவசம் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம், "விழுந்தால் உடையப்போவது என் மண்டைதானே, அரசாங்கத்துக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர் ஒருவராவது இருப்பார். இதை வெறும் திமிர் என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவர் எதிரே வருபவரின் உயிரோடு விளையாடுகிறார். தலைக்கவசம் அணியாதவரோ முதலில் தமக்கே தீங்கு தேடிக்கொள்கிறார். வயது வந்த ஒருவரை அவரிடமிருந்தே காப்பாற்றச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டா என்பது நியாயமான கேள்விதான்.

இந்தக் கேள்வியை நீதிமன்றப் படியேற்றி வாதாடிய நாடு அமெரிக்கா. அங்கே 1966ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், தலைக்கவசத்தைக் கட்டாயமாக்காத மாநிலங்களுக்கு மத்திய நிதியில் ஒரு பகுதியை நிறுத்த வழிசெய்ததால், பத்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அப்படிச் சட்டம் இயற்றின. இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1969இல் தன் மாநிலச் சட்டம் செல்லாது என்றது. மாசசூசெட்ஸ் வழக்கை 1972இல் விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றமோ, அடிபட்டவரைச் சாலையிலிருந்து தூக்குவதும், மருத்துவமனையில் சேர்ப்பதும், பிழைத்தும் வேலை செய்ய முடியாமல் போனால் அவரைத் தாங்குவதும் சமுதாயமே என்பதால் சட்டம் செல்லும் என்று தீர்த்தது. நிதியை நிறுத்தும் அதிகாரத்தை 1976இல் அந்நாட்டுக் காங்கிரஸ் விலக்கிக்கொண்டதும், பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் தளர்த்தின. புளோரிடா 2000ஆம் ஆண்டில், 21 வயதைக் கடந்தவர் பத்தாயிரம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் வெறுந்தலையோடு போகலாம் என்றது. மூளையில் அடிபட்டவருக்கு அந்தப் பத்தாயிரம் எத்தனை நாளைக்குக் காணும் என்பது வேறு கதை.

இந்த வாதங்களில் இரு தரப்பும் மனத்தில் வைத்திருந்த காட்சி ஒன்றுதான்: ஒரு வண்டி, அதன்மேல் தம் விருப்பப்படி போகும் ஒரு மனிதர். நம் தெருவில் ஓடும் வண்டியோ ஒரு குடும்பத்தின் வாகனம். பெட்ரோல் டேங்க்கின்மேல் ஒரு பிள்ளை, பின்னால் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த மனைவி, அவர் மடியில் கைக்குழந்தை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஹெல்மெட். செக்கிங்கில் முதலில் மடக்குவது ஓட்டுபவரைத்தான் என்பதால் அது அவர் தலையில் இருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் தலைக்கவசம் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், உடன் சென்றவர்கள். "என் தலை, என் விருப்பம்" என்ற வாக்கியத்தில் இவர்களுடைய விருப்பத்துக்கு இடம் எங்கே?

சட்டமும் இவர்களைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவர், உடன் செல்பவர் இருவரையும் சேர்த்தே சொல்கிறது; தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆனாலும் தலைநகர் டெல்லியில் எல்லாப் பெண்களுக்கும் இருந்த விலக்கு 2014 வரை நீடித்தது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2015 ஜூலை 1 முதல் இருவருக்கும் கட்டாயம் என்று கண்டிப்புக் காட்டிய பிறகுதான், பின்னிருக்கையைப் பற்றிய பேச்சே சூடுபிடித்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி வெளிவந்தது 2022இல்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் குறைகள் பொய்யல்ல. சித்திரை வெயிலில் தலை வெந்துபோகிறது. கடைக்குள் போனால் அதை வைக்க இடமில்லை. குண்டும் குழியுமான சாலையைப் போட்டுவிட்டு அபராதம் மட்டும் ஆயிரம் ரூபாய் கேட்பது கோபமூட்டத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குழியில் வண்டி இறங்கித் தூக்கிப் போடும்போது, ஹேண்டில்பாரைப் பற்றியிருப்பவருக்காவது ஒரு பிடி இருக்கிறது. ஒருபக்கமாக அமர்ந்திருப்பவருக்கு அதுவும் இல்லை. கவசத்தின் ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்கும் அந்த நொடித்துளியைச் சற்றே நீட்டுகிறது. தாடைப்பட்டையை மாட்டாவிட்டால், கவசம் கழன்று ஒருபக்கமும் தலை ஒருபக்கமும் போகும்.

புதிய இருசக்கர வாகனத்தோடு தரச்சான்று பெற்ற ஒரு தலைக்கவசத்தைத் தயாரிப்பாளர் தரவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. இரண்டு பேர் அமரும் இருக்கையை விற்றுவிட்டு ஒரு தலைக்கு மட்டும் கவசம் தரும் இந்தக் கணக்கு யாருக்கும் உறுத்தவில்லை. 2025 ஜூனில் அமைச்சகம் வெளியிட்ட வரைவுதான் அதை இரண்டாக்க முன்வந்தது. அந்த இரண்டாவது கவசம் எந்த அளவில், யாருடைய தலைக்குப் பொருந்துவதாக வரப்போகிறது என்பதை, ஷோரூமில் சாவி வாங்கும்போது பின்னால் அமரப்போகிறவர்தான் கேட்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.